செத்தவன் என்ஜின்

ஒரகடம் கூட்டு ரோட்டில் கோதண்டத்தின் மெக்கானிக் ஷெட்டுக்கு முன்னால் பரசுராமனின் டாக்சி வந்து நின்றபோது வெள்ளிக்கிழமை காலை மணி ஏழரை. ஷெட்டில் வேலை என்று ஒன்றும் இல்லை. ஒரு மாசமாகவே இல்லை. முன்பெல்லாம் பம்புசெட்டு, டிராக்டர், செங்கல் சூளை லாரி என்று ஆள் மாற்றி ஆள் வந்து உயிரை எடுப்பார்கள். இப்போது சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட எதிர்ப்பக்கக் கடைக்குப் போகிறார்கள். துடைத்த ஸ்பேனரையே திரும்பவும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் கோதண்டம்.

“ஏறுண்ணா, சீக்கிரம் ஏறு!” என்று உள்ளேயிருந்தே கத்தினான் பரசுராமன். “வல்லத்து சுப்பனை நல்ல பாம்பு கடிச்சிடுச்சு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

பின் சீட்டில் சுப்பன் சாய்ந்து கிடந்தான். வலது முட்டிக்குக் கீழே மாட்டுக் கயிற்றால் கட்டியிருந்தது. அவன் பெண்சாதி முனியம்மாள் அவன் தலையைத் தன் தோளில் தாங்கியிருந்தாள். வரப்பில் தண்ணீர் கட்டும்போது கடித்ததாம். அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கோதண்டம் பையைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில் ஏறினான். பாம்பு கடித்த ஆள் ஒரு பக்கம், வெள்ளிக்கிழமை ஒரு பக்கம்.

வெள்ளிக்கிழமைக்கு என்ன என்று கேட்டால், அந்தப் பாழாய்ப்போன கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

பரசுராமனுடையது பழைய அம்பாசடர். பெட்ரோல் விலை எகிறிய வருஷம் வண்டியை விற்றுவிடலாமா என்று அவன் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான். கோதண்டம்தான், “பெட்ரோல் என்ஜினை இறக்கிட்டு டீசல் ஏத்தித் தரேன், பாரு” என்று தைரியம் சொன்னான். வாலாஜாபாத் பக்கம் கவிழ்ந்த வேன் ஒன்றின் என்ஜின் கிடைத்தது. பதினைந்து நாள் அதோடு மல்லுக்கட்டினான். என்ஜின் உட்காரும் மவுன்டிங்கை வெட்டி ஒட்டினான், பைப்பெல்லாம் புதிதாக இழுத்தான். மூன்று வருஷமாக மூடி தொலைந்து, துணியை அடைத்துக்கொண்டு ஓடிய டாங்க்குக்குப் புது மூடியும் ரப்பர் வாஷரும் போட்டான். டீசலில் தூசி விழுந்தால் பம்பு போய்விடும் அல்லவா? குன்றத்தூர் மெக்கானிக்குகளே வந்து பார்த்து, கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

வேன் கவிழ்ந்ததில் அதன் டிரைவர் செத்துப்போயிருந்தான். அதை எந்தப் புண்ணியவானோ டீக்கடையில் வாய்விட்டான். அன்று சாயங்காலத்துக்குள் அது ‘செத்தவன் என்ஜின்’ ஆகிவிட்டது. பரசுராமன் பெண்சாதி கனகம் அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளி தவறாமல் விடியற்காலையில் எழுந்து, வண்டிக்கு மஞ்சளும் சந்தனமும் பூசி, கற்பூரம் காட்டித்தான் அனுப்புவாள். ஊரில் எல்லா வண்டிக்கும் நடக்கிற காரியம்தான், இவள் கொஞ்சம் அழுத்தமாகச் செய்தாள்.

செத்தவன் அதற்கெல்லாம் மசியவில்லை. வண்டி நிற்க ஆரம்பித்தது. அதுவும் எந்த நாளில்? அதே செவ்வாயிலும் வெள்ளியிலும்தான். மற்ற நாளில் மதுராந்தகம் வரை போய்ச் சிரித்துக்கொண்டே திரும்பி வரும். செவ்வாய், வெள்ளியில் ஆறேழு மைல் போனதும் இருமி, திணறி, நடுரோட்டில் உயிரை விடும். இதற்கு மேல் ஊருக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

கோதண்டத்துக்கு மண்டை காய்ந்தது. டீசல் என்ஜினுக்கு டீசல் மட்டும்தான் போக வேண்டும். வழியில் எங்கோ காற்று புகுந்துவிட்டால் அது நின்றுவிடும். பில்டர் மேல் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, பம்பின் சின்னக் கைப்பிடியை அடித்தால் நுரை நுரையாகக் காற்று வெளியேறி, கடைசியில் சுத்த டீசல் வரும். ஏர் எடுப்பது என்பார்கள். ஒவ்வொரு தடவையும் நுரை வந்தது. ஒவ்வொரு தடவையும் ஏர் எடுத்ததும் வண்டி கிளம்பியது. ஆனால் காற்று எந்த வழியாகப் புகுகிறது? பில்டரை மாற்றினான், பம்பை மாற்றினான், பைப்பில் இருக்கிற வாஷரையெல்லாம் ஒன்று விடாமல் மாற்றினான். ஷெட்டில் வைத்து ஓட்டினால் நாள் முழுக்க ஓடும்.

இப்படியே போயிருந்தால் கேலியோடு முடிந்திருக்கும். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை கனகத்தின் அக்கா செங்கமலத்துக்கு வலி எடுத்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டி நின்றது. ஆள் சைக்கிளில் வந்து சொல்லி, கோதண்டம் சைக்கிளில் போய்ச் சேர முக்கால் மணி நேரம். பத்து நிமிஷத்தில் கிளப்பிவிட்டான். ஆனால் பிள்ளை செத்தே பிறந்தது.

செங்கமலத்தின் புருஷன் தணிகாசலம் மூன்றாம் நாள் கூட்டு ரோட்டுக்கு வந்து, ஷெட்டுக்கு முன்னால் மண்ணை வாரி இறைத்தான். “உன் கை வெளங்காதுடா!” என்று அலறினான். கூட்டம் கூடிவிட்டது. கோதண்டம் எல்லார் முன்னாலும் சொன்னான்: “தப்பு என் வேலையிலதான்னு தெரிஞ்சா அன்னிக்கே இந்த ஷெட்டைப் பூட்டிடறேன். இல்லன்னா, எதனால நின்னுச்சுன்னு இதே இடத்துல எல்லாருக்கும் காட்டறேன்.”

அன்றிலிருந்து அவன் சோறு தின்றது பாதி, தூங்கியது பாதி. நோயாளியை ஏற்றினால் தன்னையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று பரசுராமனிடம் சத்தியம் வாங்கியிருந்தான். அந்தச் சத்தியத்துக்குத்தான் வண்டி இன்றைக்கு அவன் வாசலில் நின்றது.

வண்டி தெற்கே திரும்பி சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டைப் பிடித்தது. கோதண்டத்தின் காது முழுக்க பானட்டுக்குள் இருந்தது. முனியம்மாள் மட்டும் புருஷனைத் தூங்கவிடாமல் உலுக்கிக்கொண்டே வந்தாள்.

“தே, கண்ணைத் தொற. நம்ம மாட்டுப் பேரெல்லாம் சொல்லு. செவலை, அப்பால?”

“மயிலை…” என்றான் சுப்பன். நாக்கு தடித்திருந்தது.

“அப்பால?”

அதற்கு அவன் பதில் சொல்வதற்குள் ஆப்பூர் மலை தெரிந்தது, வண்டி இருமியது. பரசுராமன் ஆக்சிலேட்டரை மிதித்தான். ஒரு தடவை குலுங்கி, இன்னொரு தடவை குலுங்கி, என்ஜின் நின்றது. சத்தம் இல்லாமல் பத்து கஜம் உருண்டு ஓரமாய்ப் போய் ஓய்ந்தது.

“ஐயோ, வந்துட்டான்யா, செத்தவன் வந்துட்டான்!” என்று முனியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள்.

“கம்முனு இரும்மா!” என்று எரிந்து விழுந்தான் கோதண்டம். இறங்கி ஓடிப் பானட்டைத் தூக்கினான். டீசல் எவ்வளவு என்று பார்க்கத் தேவையில்லை. நேற்றுச் சாயங்காலம் பங்க்கில் டாங்க் வழிய டீசல் போட்டபோது அவனே பக்கத்தில் நின்றிருந்தான். ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பிடியை அடித்தான். நுரை வந்தது. அடித்தான், அடித்தான், கொஞ்சம் டீசல் வந்தது. ஸ்குரூவை முடுக்கினான். “செல்ப் அடி, பரசு!”

என்ஜின் பிடித்துக்கொண்டது. கோதண்டம் தாவி ஏறினான். இரண்டு பர்லாங் தாண்டவில்லை, மறுபடியும் நின்றுவிட்டது.

இது புதுசு. இத்தனை நாளில் ஏர் எடுத்துக் கிளப்பிய வண்டி அன்றைக்கு மறுபடியும் நின்றதே கிடையாது. கோதண்டம் திரும்பவும் ஸ்குரூவைத் தளர்த்தி அடித்தான். வெறும் நுரை. நாற்பது அடி, ஐம்பது அடி, கட்டைவிரல் தோல் உரிந்தது. கைப்பிடி எதையும் இழுக்காமல் தொளதொளவென்று ஆடியது. டாங்க் நிறைய டீசல் இருக்கிறது, ஒரு சொட்டு முன்னால் வர மாட்டேன் என்கிறது.

“ண்ணா, கண்ணு சொருகுதுண்ணா” என்றான் பரசுராமன். அவன் குரல் உடைந்திருந்தது. “இமை மேல தூக்கவே மாட்டேங்குது. இன்னாண்ணா பண்றது? எதுனா வண்டி வருதா பாரு.”

ரோடு இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. ஒரு மாட்டு வண்டிகூட இல்லை. இந்த ஆளும் என் கையாலேயே சாகப் போகிறான் என்று கோதண்டம் நினைத்தான். அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு தன்னையே அதட்டினான். யோசிடா. மற்ற நாளெல்லாம் கிளம்பியதே, இன்றைக்கு ஏன் கிளம்பவில்லை? அன்றைக்குச் செய்து இன்றைக்குச் செய்யாதது என்ன?

குச்சி.

எந்த டிரைவர் டாங்க் நிறைய இருக்கிறது என்று சொன்னாலும் கோதண்டம் நம்ப மாட்டான். எந்த வண்டிக்கும் முதலில் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்துவிட்டுத்தான் பானட் பக்கம் போவான். இருபது வருஷப் பழக்கம். இன்றைக்குத் தான் கண்ணால் பார்த்ததால் குச்சியை எடுக்கவில்லை. மூடியைத் திறக்கவில்லை.

பின்பக்கம் ஓடினான். மூடி கண்ணுக்கே தெரியவில்லை. மஞ்சளும் சந்தனமும் குழைத்து விரல் கனத்துக்கு அப்பி, ஓரமெல்லாம் வழித்து மெழுகி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. மூடியில் காற்றுக்கென்று ஊசித் துளை மாதிரி நாலு துளை உண்டு. டீசல் குறையக் குறைய அந்த வழியாகத்தான் டாங்க்குக்குள் காற்று போக வேண்டும். நாலும் சந்தனத்துக்கு அடியில் இருந்தன. உள்ளே காற்று போக வழியில்லாத டாங்க், டீசலைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டது. பம்பு பலங்கொண்டு இழுக்க, கிடைத்த சந்துபொந்தில் எல்லாம் காற்று புகுந்து நுரையாக வந்தது. டாங்க் நிறைந்திருந்ததால் உள்ளே இருந்த கொஞ்சக் காற்றும் ஆறேழு மைலிலேயே இழுபட்டுவிட்டது.

மூடியைத் திருகினான். வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான். காய்ந்த சந்தனம் வெடித்து உதிர்ந்தது. மூடி திறந்ததும் டாங்க் ‘உஸ்ஸ்’ என்று நீளமாகக் காற்றை உள்ளே இழுத்தது. இத்தனை நாளும் குச்சி விட மூடியைத் திறந்தபோது உள்ளே போன காற்றுதான் வண்டியைக் கிளப்பியிருக்கிறது.

முன்னால் ஓடி நாலு அடி அடித்தான். கெட்டியாக டீசல் பீறிட்டு முகத்தில் அடித்தது. “அடி பரசு!”

என்ஜின் ஒரே பிடியில் எழுந்தது. துளைகளைக் குண்டூசியால் குத்தி, வேட்டி முனையால் துடைத்து, மூடியைப் போட்டுவிட்டு ஏறினான்.

“இன்னாண்ணா பண்ண?”

“அப்பால சொல்றேன். மிதி!”

வண்டி பறந்தது. கோதண்டத்துக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. தன் வேலையில் தப்பில்லை! மவுன்டிங்கில் இல்லை, பைப்பில் இல்லை, வாஷரில் இல்லை. செத்தவனும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நாளைக்கே கூட்டு ரோட்டில் ஊரைக் கூட்டி, இதே மூடியைக் கையில் எடுத்துக் காட்டுவான். தணிகாசலத்தையும் வரச் சொல்லுவான். இருபது வருஷமாக எல்லா வண்டியிலும் பார்த்துப் பார்த்து, துடைத்து எறிந்த சந்தனம். பொட்டு வைக்காத வண்டி எங்கே இருக்கிறது? அதனால்தான் கண்ணில் படவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே கேட் மூடியிருந்தது. பரசுராமன் ஸ்டியரிங்கைக் குத்தினான். “நிக்காதில்லண்ணா?”

“நிக்காது” என்றான் கோதண்டம். நிற்கவில்லை. என்ஜின் அசையாமல், சீராக ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் முனியம்மாள், “மயிலைக்கு அப்பால சொல்லுயா, சொல்லு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பதில் இல்லை.

“சந்தனத்தை ஏன் பரசு மூடி மேல அவ்ளோ அப்பியிருக்குது?” என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டான் கோதண்டம்.

“அதுவா? கனகம்தான். டீசல் குடிக்கிற வாயி அதுதானாம். செத்தவன் அது வழியாத்தான் உள்ள ஏறுறானாம். அத்த அடைச்சிட்டா ஏற மாட்டான்னு சொல்லிக்கினு கீறா.” பரசுராமன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “அவங்க அக்கா வலி எடுத்துத் துடிக்கச் சொல்லோகூட, இரு இருன்னு நிறுத்தி வச்சு, இன்னொரு கை அப்பிட்டுத்தான் அனுப்பினா. அப்பவும் வந்துட்டான் பாரு, பாவி.”

ரயில் தடதடவென்று குறுக்கே போனது. கோதண்டம் தன் கையைப் பார்த்தான். நகக்கண் எல்லாம் மஞ்சளும் சந்தனமுமாக இருந்தது. சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. நாளைக்கு இந்த மூடியை ஊர் நடுவில் தூக்கிக் காட்டினால், தன் பேர் ஒரு நிமிஷத்தில் சுத்தமாகிவிடும். அதே நிமிஷத்தில் கனகத்துக்குத் தெரிந்துவிடும், அக்கா பிள்ளையைத் தடுத்து நிறுத்தியது யார் கை என்று. தெரிந்த பிறகு அவள் எப்படி உயிரோடு இருப்பாள்? கிணறு ஒன்றும் தூரத்தில் இல்லை.

கேட் திறந்தது. கொளவாய் ஏரிக்கரை ஓரமாக வண்டி பறந்து, ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் நின்றது. சுப்பனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு முனியம்மாள் வெளியே வந்து, தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். கோதண்டத்துக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான் அவள் சொன்னாள்: “கண்ணைத் தொறந்து மூணாவது மாட்டுப் பேரைச் சொல்லிச்சுண்ணா.”

பரசுராமன் அங்கேயே தரையைத் தொட்டுக் கும்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்துக் கோதண்டம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“இப்ப சொல்லுண்ணா. இன்னா கண்டுபுடிச்ச?”

கோதண்டம் கையை வேட்டியில் மறைத்துக்கொண்டான். “டாங்க்குகிட்ட ஒரு வாஷர். நான் போட்டதுதான். கோணலா உட்கார்ந்துகினு இருந்துச்சு. காத்து இழுத்துச்சு.”

“அப்ப செத்தவன் இல்லியா?”

“செத்தவன் எங்க வரப் போறான்? நான்தான்.”

“எங்க செங்கமலத்தோட… அன்னிக்கும்?”

“அன்னிக்கும் அதான்.”

பரசுராமன் அவனையே பார்த்தான். அடிப்பான் என்று கோதண்டம் நினைத்தான். அடிக்கவில்லை. எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டு, “நீ பஸ்ல வந்துடு” என்றான்.

“வரேன். நாளைக்குக் காலையில மட்டும் ஒரு மணி நேரம் வண்டியை வுடு, பரசு. அப்பால என் கை அதுல படாது.”

சனிக்கிழமை காலையில் வண்டி வந்தது. டாங்க்கின் கழுத்தில், மூடிக்கு நாலு விரல் கீழே, கைத்துரப்பணத்தால் ஒரு சின்னத் துளை போட்டான் கோதண்டம். அதில் ஒரு செப்புக் குழாயை வைத்துப் பற்றவைக்காமல் இறுக்கி, மட்கார்டுக்கு உள்பக்கமாக வளைத்து, யார் கண்ணிலும் கையிலும் படாத இடத்தில் முனையை விட்டான். இனிமேல் டாங்க் அதன் வழியாக மூச்சு விடும். மூடி மேல் யார் எவ்வளவு பூசினாலும் ஒன்றும் ஆகாது.

குழாயை முடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் தெரிந்தது. கனகம் நின்றிருந்தாள். தலை வாரவில்லை. ரோட்டில் நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“ஒரு வாஷராண்ணே?” என்றாள்.

கோதண்டம் எழுந்து நின்றான்.

“ஒன்பது வருஷம் கோயில் கோயிலா சுத்தினா எங்க அக்கா. ஒரு வாஷரு கொன்னுடுச்சா அந்தக் கொயந்தையை?” அவள் குரல் ஏறியது. “நான் பைத்தியக்காரி, செத்துப்போன எவனையோ வாயில வந்தபடி திட்டிக்கினு கெடந்தேன். அவன் பாவம். உசுரோட கீற நீ பண்ண வேலைடா அது! வாரத்துக்கு ரெண்டு நாளு விடியக்காலம் கோழி கூவச் சொல்லோ எயிந்து, என் கையால பூசிப் பூசிக் கும்பிட்டேனே. அந்தச் சாமியே உன்னைக் கேக்கும்டா!”

அவள் கையை நீட்டினாள். விரல்களில் நேற்றைய மஞ்சள் இன்னும் போகவில்லை. கோதண்டம் அந்தக் கையைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரை வந்தது. ஷெட்டு, இருபது வருஷம், பேர் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

“தப்புதாம்மா” என்றான். “என் கண்ணுல படல.”

அவள் குனிந்து மண்ணை வாரினாள். இறைக்கவில்லை. கையிலிருந்து மண் உதிர, அப்படியே திரும்பி நடந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பரசுராமன் டாக்சி குன்றத்தூர் சவாரிக்குக் கிளம்பிக் கூட்டு ரோட்டைத் தாண்டியது. நிற்கவில்லை, ஹாரன்கூட அடிக்கவில்லை. கனகத்துக்குப் பழக்கம் விடவில்லை; பின்பக்கம் மூடி தெரியாமல் ஈரம் காயாத சந்தனம் மின்னியது. கோதண்டம் ஷெட் வாசலில் நின்று, என்ஜின் சத்தத்தைக் காது கேட்கிற தூரம் வரை கேட்டான். இருமல் இல்லை, திணறல் இல்லை. சாயங்காலம் அது திரும்பிப் போகிறவரைக்கும் காத்திருந்தான். வழியில் எங்கும் நிற்கவில்லை என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

பிறகு உள்ளே போய் ஸ்பேனர்களை எடுத்துச் சாக்கில் கட்டினான். ஊரார் முன்னால் சொன்ன சொல் ஒன்று இருந்தது. பூட்டை எடுத்துவந்து ஷெட்டைப் பூட்டினான்.